பட்டம் பெற்ற பிள்ளைகளும் ஊராட்சியும்

(திருநெல்வேலி வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரை)



கார் அறுவடையை முடித்துப் பிசானத்திற்கு நாற்றங்கால் ஆயத்தம் செய்யும் இந்நாளில் நேரம் ஒதுக்கி இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறோம். கல்லூரியை விட்டு வெளியே வந்த நம் பிள்ளைகள் அதன் பிறகு என்ன ஆகிறார்கள்? பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது பற்றி ஊரில் பேசாதவர் இல்லை. ஆனால் பட்டம் கைக்கு வந்த நாள் தொடங்கி, அவனோ அவளோ ஒரு நிலைக்கு வரும் வரையுள்ள ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றி மட்டும் வீட்டுக்குள்ளேயே, அதுவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோம். அந்த ஆண்டுகள் ஊராட்சியின் கவனத்திற்கும் உரியவை என்பதே நம் கருத்து.

தாமிரபரணிக் கரைக்குக் கல்லூரிக் கல்வி புதிதன்று. திருநெல்வேலி இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரியும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோன்றியவை. பெண்களுக்கென சாராள் தக்கர் கல்லூரி 1895-இலும், தூய சவேரியார் கல்லூரி 1923-இலும் ஏற்பட்டன. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லி நாம் பெருமைப்படுவதும் வழக்கமாகிவிட்டது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வந்த பட்டம், 1966-க்குப் பின் மதுரையின் பெயரால் வந்தது. 1990 முதல் அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே வருகிறது. பட்டம் நம் வாசலுக்கு வந்துவிட்டது; பட்டம் பெற்றவர் வாசலைத் தாண்டிப் போவது மட்டும் நிற்கவில்லை.

முன்னோர் சிலரை எண்ணிப் பாருங்கள். வையாபுரிப் பிள்ளை சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். 1926-இல் சென்னைக்குச் சென்று தமிழ்ப் பேரகராதிப் பணியை ஏற்றார். இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையும் சட்டம் பயின்றவரே. பின்னர் அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். புதுமைப்பித்தன் தாசில்தார் ஒருவரின் மகன். இந்துக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றவர். அவர் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைத் தொழிலில் உழன்று, 1948-இல் காச நோயால் மறைந்தார். மூவரும் படித்த படிப்பு ஒன்று, பேர் பெற்ற பணி வேறு. படிப்பும் உத்தியோகமும் ஒரே வண்டியில் பூட்டிய இரட்டை மாடுகள் என்ற எண்ணம் அந்நாளிலேயே பொய்த்துவிட்டது. ஆனாலும் நாம் அதைக் கைவிட்டோமில்லை.

அந்நாளில் ஊருக்கு ஒரு பட்டதாரி இருந்தால் அதிகம். இன்றோ, 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. இந்திய நாடு முழுமைக்கும் அது நூற்றுக்கு 28 அளவே. இது நாம் மகிழத்தக்க செய்தி. இதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வில், முதலில் அறிவிக்கப்பெற்ற 6,244 இடங்களுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். ஓர் இடத்திற்கு முந்நூறு பேருக்கு மேல்! கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற அப்பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. அந்த வரிசையில் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் நிற்கிறார்கள்.

தேர்வு எழுதுவதை நாம் குறை கூறவில்லை. சிபாரிசு இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட நேர்மையான கதவு வேறில்லை. முந்நூற்றில் ஒருவர் போக, எஞ்சியவர் என்ன ஆகிறார் என்பதே கேள்வி. ஒரு தேர்வு போனால் அடுத்தது. அறிவிப்பு வரும் வரை காத்திருப்பு. முடிவு வரும் வரை மீண்டும் காத்திருப்பு. இதற்குள் வயது இருபத்தெட்டு ஆகிறது. விசேஷ வீடுகளுக்குப் போவதை அந்தப் பிள்ளை நிறுத்திவிடுகிறான், போனால் "இப்ப என்ன பாக்கே?" என்று கேட்பார்களே என்ற கூச்சம். வயலில் ஆள் இல்லை என்று தந்தை வருந்துகிறார். ஆனால் மகன் மண்வெட்டியை எடுத்தால், "பி.இ. படிச்சவன் வரப்பு வெட்டவா?" என்று முதலில் தடுப்பவரும் அவரே. படித்தவர்களுக்கு உழைப்பில் வெறுப்பு என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த வெறுப்பை ஊட்டி வளர்த்தவர்கள் பெரும்பாலும் நாமே அல்லவா?

படிப்பும் வயலும் எட்ட முடியாத் தொலைவில் இருப்பவை அல்ல என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. அம்பை 16 நெல்லைப் பயிரிடாத உழவர் இக்கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்? அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-இல் வெளியான இரகம் அது. ஆடுதுறை 31, கோவை 39 ஆகிய இரண்டையும் ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, குட்டையான, தடித்த அரிசியுடைய, கார் பருவத்திற்கு ஏற்ற குறுகிய காலப் பயிராக்கினார்கள். அதைச் செய்தவர்கள் யார்? வேளாண் பட்டம் பெற்று, சேற்றில் இறங்கி, கதிர் கதிராக எண்ணிக் குறித்துவைத்தவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் உழைப்பு நம் குதிரில் வந்து நிறைந்தது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கிருந்து வெளிவரும் இளைஞர்களில் நம் எட்டு அணைக்கட்டுகளின் பாசனப் பரப்பிற்கு, அந்த 86,000 ஏக்கர் சொச்சத்திற்கு, எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்?

வருவதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2002 முதல் நடுவண் அரசு நடத்திவரும் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்னும் திட்டத்தில் வேளாண் பட்டதாரிக்கு 45 நாள் பயிற்சியும், வங்கிக் கடனில் நூற்றுக்கு 36 பங்கு மானியமும் உண்டு; பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அது 44 பங்கு. மாநில அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், உழவர் நல சேவை மையங்கள் ஆயிரத்தை வேளாண் பட்டதாரிகளைக் கொண்டு அமைக்க, மையம் ஒன்றுக்கு 3 முதல் 6 இலட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. வாழைக்கு வாடல் நோய் கண்டால் உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தை அப்படியே வாங்கி வருகிறோமே, அந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஆகாதா? வேறு பாடம் படித்தவர்க்கு மாவட்டத் தொழில் மையத்தின் வழியே புதிய தொழில்முனைவோர் திட்டம் இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் வீரவநல்லூர்த் தறிக்கும் கணக்கும் கடிதமும் சந்தையும் அறிந்தவர் தேவை.

சிற்றாற்றுப் பக்கம் சற்றே போவோம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011-இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் தன் அலுவலகம் ஒன்றைத் திறந்தது. கணினி வேலை என்றால் சென்னை, பெங்களூர்தான் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. ஒரு நிறுவனம் ஒரு வட்டாரத்துப் பட்டதாரிகள் அனைவரையும் ஏற்க முடியாது. அப்படி எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் வேலை ஊருக்கு வர முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெரிய இழப்பு அங்கேதான் இருக்கிறது. எம்.எஸ்சி. கணிதம் படித்த மருமகள் இருக்கும் வீட்டுத் திண்ணையில், பேரனுக்குக் கணக்கு வரவில்லை என்று பாட்டி புலம்புவதைக் கேட்டிருக்கிறோம். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் தன்னார்வலர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என்றார்கள். ஊக்கத்தொகை திங்களுக்கு ஆயிரம் ரூபாய்தான். அந்தச் சிறு தொகைக்கா வருவார்கள் என்று ஐயுற்றவர் உண்டு. மாநிலமெங்கும் இலட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் எல்லோரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? நம் வீடுகளில்தான் இருந்தார்கள், கேட்பார் இல்லை.

இனி, பெற்றோருக்கு ஒரு சொல். படிப்புக்காக நஞ்சையை விற்றுவிடாதீர்கள். 4 இலட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. படித்து முடித்தவர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கத் தவறலாகாது. பதிவு செய்து ஐந்து ஆண்டு வேலை கிடைக்காத பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், திங்களுக்கு 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. 600 ரூபாயில் ஒருவர் வாழ முடியாது என்பது நமக்கும் தெரியும். தேர்வுக் கட்டணத்திற்கும் பேருந்துச் செலவிற்கும் தந்தையிடம் கை நீட்டாமல் இருக்கலாம், அவ்வளவே.

ஊராட்சி செய்ய வேண்டியது என்ன? ஊரில் எத்தனை தெருவிளக்கு, எத்தனை கைப்பம்பு என்று பதிவேடு வைத்திருக்கிறோம். எத்தனை பட்டதாரிகள் என்று கேட்டால் விடை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: பெயர், படித்த பாடம், முடித்த ஆண்டு, இப்போது செய்வது, செய்ய விரும்புவது. வெளியூரில் இருப்பவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். போனவர்களைத் திரும்பி வா என்று இழுப்பதற்கன்று, அடுத்து வரும் பிள்ளைக்கு அவர்கள் வழி சொல்வார்கள் என்பதற்காக. குளத்து நீர்மட்டக் குறிப்பு, மண் ஆய்வு முடிவுகளை எளிய தமிழில் எழுதித் தருதல், சுய உதவிக் குழுக் கணக்கு, மாலை வகுப்பு என ஊருக்கு உள்ள வேலைகளை இன்னொரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதற்குக் கூலி தர இயலும், எதற்கு இயலாது என்பதையும் ஒளிக்காமல் குறித்துவிடுங்கள். படித்தவர்களின் உழைப்பை இலவசமாக வாங்கி, அதற்குச் சேவை என்று பெயரிடுவது நமக்கு உடன்பாடன்று.

உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. அக்கூட்டத்தில் இப்பதிவேட்டை ஒரு பொருளாகச் சேர்க்க விரும்பும் உறுப்பினர்கள் அதனை ஊராட்சித் தலைவரிடம் முன்னதாகவே எழுத்து மூலம் தந்துவிட வேண்டும். அன்று பட்டதாரிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பின் வரிசையில் நிற்க வைக்காமல், முன்னே உட்கார வையுங்கள்.