தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

(ஒரகடம் வட்டாரக் கிராமத் தம்பதிகளுக்கான பேச்சு)



ராத்திரி ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தை அதிக நேரம் கெடுக்கமாட்டேன்.

முதலில் ஒரு பழைய சங்கதி. 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க, எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றி ஜனங்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டு போனார்கள். காசு வேண்டாம். அப்படியும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு காரியத்தில் இறங்குமுன் மனிதன் மனசுக்குள்ளே நாலு கேள்வி கேட்கிறான் என்று கண்டார்கள். இது எனக்கு வருமா? வந்தால் பெரிய கஷ்டமா? இவர்கள் சொல்லும் வழியில் பலன் உண்டா? அதைச் செய்ய எனக்கு என்ன இடைஞ்சல்? இதற்கெல்லாம் பதில் கிடைத்தாலும், "வா, இன்றைக்கே போகலாம்" என்று தூண்ட ஓர் ஆள் வேண்டும். "என்னால் முடியும்" என்ற தைரியமும் வேண்டும் என்று பிற்பாடு சேர்த்தார்கள்.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

"இரண்டு போதும்" என்று முடிவு செய்தாயிற்று. ஆபரேஷன் யாருக்கு? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ ஆயிரத்தில் ஒருவர்தான்! பிள்ளை பெற்றவளே வயிற்றிலும் கத்தி வாங்குகிறாள். பல வீட்டில் அவளும் ஷிப்டுக்குப் போகிறவள்.

ஆண்களுக்கான கத்தியில்லாத வாசக்டமியை 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பைத் தோலில் ஒரு சிறு துளை. தையல் கிடையாது. சுமார் கால் மணி நேரம். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

"அப்படியானால் ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்?" இடைஞ்சல் என்ன என்று கேட்டால் மூன்று பதில் வருகிறது.

முதலாவது, "பலம் போயிடும்ங்க." போகாது. விதையை யாரும் எடுப்பதில்லை. விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள். ஆண்மைக்கான சுரப்பு இரத்தத்தில் நேராகக் கலக்கிறது. அதற்கு இந்தக் குழாய் வேண்டியதில்லை.

இரண்டாவது, "லீவு போட்டா சம்பளம் போயிடும்ங்க." இது நியாயமான கவலை. இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது. வார ஓய்வோடு சேர்த்துத் தேதி குறியுங்கள். பாரம் தூக்கும் வேலை என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பழைய பயம். 1976-77-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு. பல இடங்களில் கட்டாயப்படுத்தினார்கள். அதன் பிறகு ஆண்கள் இந்தப் பக்கமே வர அஞ்சினார்கள். கட்டாயம் ஒரு வருஷக் கணக்கைக் கூட்டும்; மனசை மாற்றாது.

மனசை மாற்றும் வழி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1959-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதாரப் பணி தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 43 பிறப்பு. 1968-ல் அது 28 ஆயிற்று.

எங்களைப் போன்ற ஊழியர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பெண்களிடம் மட்டும் பேசிவிட்டு "ஆண்கள் வரவில்லை" என்று குறை சொல்லக்கூடாது. பயப்படுகிறவருக்கு விளக்கம் வேண்டும். லீவு இல்லாதவருக்கு வசதியான நாள் வேண்டும். எல்லாருக்கும் ஒரே நோட்டீசைக் கொடுத்தால் வேலை ஆகாது. ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவர் டீக்கடையில் "எனக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்று சொன்னால், அது நான் பேசும் பத்துப் பேச்சுக்குச் சமம்.

இரண்டு விஷயம் மறக்கவேண்டாம். ஆபரேஷன் ஆனவுடனே பலன் வராது. மூன்று மாதம் நிரோத் போன்ற வேறு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனை செய்து டாக்டர் சரி என்ற பிறகே நிறுத்தவேண்டும். இது நிரந்தர முறை. மனசில் சந்தேகம் இருந்தால் செய்துகொள்ள வேண்டாம். காப்பர்-டி, ஊசி, மாத்திரை, நிரோத் என்று தற்காலிக வழிகள் இருக்கின்றன.

இன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, புருஷனும் பெண்சாதியும் கொஞ்சம் பேசுங்கள். "எனக்கு என்ன பயம், உனக்கு என்ன கஷ்டம்" என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்வியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பேருமாக வாருங்கள்.