அடங்காத பிள்ளைன்னு முத்திரை குத்தாதீங்க

சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் பிள்ளைகளைப் பற்றிப் பேசுறேன்.

எல்லாப் பிள்ளையும் சேட்டை செய்யும். அது நோய் இல்லை. ஆனா சில பிள்ளைக்கு ஒரு இடத்துல உட்கார முடியாது, சொன்னதை உடனே மறந்திடும், யோசிக்காம எதையும் செய்யும். இது வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல இருந்தா ஏ.டி.எச்.டி.யான்னு டாக்டர் பார்க்கணும். பன்னிரண்டு வயசுக்கு முன்னாடியே அறிகுறி தெரியும். மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, பரம்பரையாவும் வரும். திமிர் இல்லை. அடிச்சா சரியாகாது. திருட்டு, ஓயாத சண்டை, ஆடு மாடு நாயை வதைக்கிறது, வீட்டை விட்டு ஓடுறது எல்லாம் தொடர்ந்து இருந்தா அதையும் காட்டணும். வயசுப் பிள்ளைங்களுக்கு மனச்சோர்வு அழுகையா வராம எரிச்சலா, கோபமாவும் வரும்.

நம்ம பக்கம் என்ன செய்றாங்க? "படிப்பு ஏறல, ஆபீஸுக்கு அனுப்பு"ங்கிறாங்க. பதினெட்டு வயசுக்குள்ள பட்டாசு வேலைக்கு அனுப்புறது சட்டப்படி குற்றம். அதை விடுங்க, கை கால் சும்மா இருக்காத பிள்ளையை மருந்து பக்கத்துல உட்கார வைக்கலாமா? 2021 பிப்ரவரியில அச்சன்குளத்துல வெடிச்சதை நாம மறக்கலையே.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கோங்க, நானும் நேர்ந்துக்குவேன். கூடவே டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும்போது கூச்சப்படாம சொல்லுங்க. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநல டாக்டர் இருக்காங்க. எப்ப ஆரம்பிச்சது, தூக்கம் எப்படி, டீச்சர் என்ன சொல்றாங்கன்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போனா டாக்டருக்கு உதவியா இருக்கும். மாத்திரை வேணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரங்க இல்லை.

வீட்டுல ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. செஞ்சதும் அப்பவே பாராட்டுங்க. இன்னைக்குத் திட்டி நாளைக்குச் சிரிக்கிற தப்புக்கு, பிள்ளை எதைப் புரிஞ்சுக்கும்? அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, அப்பத்தா ஒண்ணுன்னு சொல்லாதீங்க.

போன்ல பேசணும்னா 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. ரெண்டையும் குழு நோட்டு அட்டையில எழுதி வைங்க.

ஒரு நாள் கூலி போகுதேன்னு தள்ளிப் போடாதீங்க. விருதுநகர் போக பஸ் காசு இல்லைன்னா குழுவுல உள்கடன் கேளுங்க. வளையல் வாங்கக் கொடுத்திருக்கோம், இதுக்குக் கொடுக்க மாட்டோமா?