அறுபது வாட்டர் பலூன், ஒரு பக்கெட் தண்ணி

போன எபிசோட்ல ஆஃபீஸ் புலம்பல் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. அதனால இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போலாம். விஷயம், வாட்டர் பலூன்.

கத்திரி வெயில். கோயம்புத்தூர்ல இருந்து அக்கா பொண்ணு லீவுக்கு மடிப்பாக்கத்துல எங்க வீட்டுக்கு வந்திருக்கா. வர்ற ஜூலையில அவளுக்கு ஆறு வயசு முடியுது. வந்த மறுநாளே கடையில பலூன் பாக்கெட்டைப் பார்த்துட்டா. "மாமா, தண்ணி ஊத்தி அடிச்சுக்கலாமா?" நான் உடனே வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்தா அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "வேண்டாம்."

நம்ம இன்ஜினியராச்சே, கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சின்ன பலூன்ல சுமார் 200 மில்லி பிடிக்கும். 60 பலூனுக்கு 12 லிட்டர். எங்க வீட்டு பக்கெட்டே 18 லிட்டர். சாதாரண ஷவர்ல ஒன்றரை நிமிஷம் நின்னா இதைவிட அதிகமாப் போயிடும். "இன்னைக்கு நான் குளிக்கல, அந்தத் தண்ணியில விளையாடிக்கிறோம்"னேன்.

அம்மா சொன்னாங்க: "கணக்கு சரிதான்டா. 2019-ல இதே 12 லிட்டருக்கு நான் லாரி பின்னாடி ஓடியிருக்கேன்."

அப்பதான் எனக்கு உறைச்சது. 2019 ஜூன் ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட காஞ்சு போச்சு. ஓ.எம்.ஆர்ல பல கம்பெனிகள், தண்ணி இல்ல, வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னாங்க. நான் அப்போ வேலைக்குச் சேர்ந்த புதுசு. எனக்கு அது லீவு மாதிரி இருந்துச்சு. ஆனா அக்கா அப்போ நிறைமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு அம்மா எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தாங்க. போர்ல தண்ணி நின்னு போச்சு. பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தை, துணி அலசக்கூட தண்ணி இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டு வர்றது? பிரசவம் மாமியார் வீட்டுலயே நடந்துச்சு. அப்படிப் பொறந்தவதான் இப்ப பலூன் கேக்குறா. அம்மாவோட "வேண்டாம்" லிட்டர் கணக்கே இல்ல.

நான் மேற்கொண்டு வாதாடல. ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். எங்க மொட்டை மாடித் தண்ணி பைப் வழியா கீழே மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகுது. விளையாடுற தண்ணியும் அங்கதான் போகும். அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா பாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

இப்ப டெக்னிக்கல் பகுதி. மாடிக் குழாய்ல பலூன் நிறையவே இல்ல, சும்மா தொங்குது. காரணம் சிம்பிள்: தொட்டிக்கும் குழாய்க்கும் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அழுத்தம். மாடிக் குழாய் தொட்டிக்கு நேர் கீழே இருக்கு. முதல்ல ரப்பரை விரிக்கத்தான் அதிக அழுத்தம் வேணும், அது அங்க கிடைக்காது. தரைத்தளக் குழாய்ல போட்டா டக்குனு நிறையுது. இன்னொண்ணு, கம்மியா நிரப்பினா ரப்பர் தொளதொளன்னு இருக்கும். மேல பட்டும் உடையாம உருண்டு போயிடும். ஒரு சாத்துக்குடி சைஸ் வந்தா சரி. தண்ணி இருக்குற பக்கெட்ல போட்டு மேல தூக்கிட்டுப் போனா வழியில உடையாது.

கஷ்டம் எங்கன்னா முடிச்சுல. ஈரக் கையில கழுத்து வழுக்குது. பத்து நிமிஷத்துல நான் கட்டினது நாலு. அம்மா நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம், "குடு இப்படி"ன்னு வாங்கினாங்க. நாற்பது வருஷமா பூ கட்டுற விரல். மிச்சம் 56-ஐயும் படபடன்னு கட்டி முடிச்சுட்டாங்க.

ரூல்ஸ் ரெண்டுதான். முகத்துக்கு எறியக் கூடாது, கண்ணுல பட்டா ஆபத்து. விளையாட வராதவங்க மேல எறியவே கூடாது, தெருவுல போறவங்க உட்பட. அரை மணி நேரத்துல சட்டை, தலை எல்லாம் சொட்டச் சொட்ட. வெந்துட்டு இருந்த மாடித் தரையில கால் வைக்க முடிஞ்சுது.

முடிச்சதும் ரப்பர் துண்டு எல்லாத்தையும் பொறுக்கினோம். கலர் கலரா கிடந்தா காக்கா, நாய் தின்னுடும். மக்கவும் ரொம்ப நாளாகும். வாண்டு ஒவ்வொண்ணா எண்ணிட்டு, "ஐம்பத்தொன்பதுதான் இருக்கு மாமா"ன்னா.

அறுபதாவது அம்மா கையில இருந்துச்சு, உடையாம. "என் மேல எறி பாட்டி"ன்னு இவ கையை விரிச்சு நிக்குறா. அம்மா சிரிச்சாங்க. எறியல. கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேல பிடிச்சு ஊக்கால ஒரு குத்து. செடிக்கு ஊத்திட்டு, கையில மிச்சம் இருந்த ஈரத்தை மட்டும் பேத்தி மூஞ்சியில தெளிச்சாங்க.

நான் சொன்ன மாதிரி அன்னைக்குக் குளிக்கல. அதுக்கும் திட்டு வாங்கினேன். உங்க வீட்டு 2019 கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். தண்ணி குடிங்க மக்களே.