பன்னா கோட்டாவும் எங்கள் மனைப்பொருளியல் வகுப்பும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று விழாக்குழு கேட்டது. எங்கள் வகுப்பில் வைத்தியர்கள் மூன்று பேரும் தாதி ஒருவரும் இருப்பதால், 'நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் ஆரோக்கியம்' என்ற தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். அதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டபோது வந்த முதல் மறுமொழி, "ஐயோ, அங்கேயும் கொலஸ்ரரோலா?" என்பதுதான். எனவே தலைப்பை மாற்ற அனுமதி வாங்கினோம். பன்னா கோட்டா என்ற புடிங்கைப் பற்றி நாங்கள் பேசப் போகிறோம். மேடையில் நிற்பது ஒருத்தி, பேச்சு எங்கள் எல்லோருடையதும்.

பன்னா கோட்டா என்றால் இத்தாலிய மொழியில் 'காய்ச்சிய கிறீம்'. வட இத்தாலியில் பியட்மொன்ற் பகுதிக்கு உரியது என்று சொல்வார்கள். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உண்மையில் கொதிக்க விடுவதில்லை. கிறீம், பால், சீனி, வனிலா, ஜெலற்றின், இந்த ஐந்துதான். முட்டை இல்லை, அவிப்பதில்லை, வட்டிலப்பம் போல ஆவியில் வெடித்துப் போகுமோ என்ற பயமும் இல்லை. அரை மணித்தியால வேலை, மிச்சமெல்லாம் காத்திருப்பு.

எங்களுக்குள் பலமுறை செய்து, பல கோப்பைகளைப் பழுதாக்கி, கடைசியில் ஒத்துக்கொண்ட அளவு இது. கிறீம் 400 மில்லிலீற்றர், பசுப்பால் 300, சீனி 70 கிராம், ஜெலற்றின் தூள் 7 கிராம், வனிலாக் காய் ஒன்று. 100 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னக் கோப்பைகள் ஏழு வரும்.

முதலில் ஜெலற்றினை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் தூவி ஐந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டிபடும். சூடான பாலில் நேரே போட்டால் வெளிப்பக்கம் கரைந்து உள்ளே உலர்ந்த கட்டி நிற்கும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது போகாது. மிச்சப் பாலையும் கிறீமையும் சீனியையும் சட்டியில் விட்டு, வனிலாக் காயை நீளவாக்கில் பிளந்து, கத்தியின் முதுகால் விதைகளை வழித்துப் போட்டு, தோலையும் அதற்குள் போடுங்கள். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்போது இறக்கிவிட வேண்டும். ஊறிய ஜெலற்றினை அந்தச் சூட்டில் கலக்கினால் கரைந்துவிடும். அதைப் போட்ட பின் திரும்ப அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் இறுகும் பலம் குறைந்துபோகும்.

வனிலா விதைகள் கோப்பையின் அடியில் கறுப்பாகப் படிகிறதே என்று பலர் கேட்பார்கள். கலவையை வடித்து, சட்டியைக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்து, சற்றுத் தடிக்கும்வரை இடைக்கிடை கிளறிவிட்டுப் பிறகு கோப்பைகளில் ஊற்றினால் விதைகள் மிதந்தபடியே நிற்கும். இதை எங்கள் லண்டன் தோழி சொல்லித் தந்தாள். அதற்குமுன் நான்கு வருடம் அடியில் படிந்ததைத்தான் சாப்பிட்டோம், ருசியில் ஒரு குறையும் இல்லை.

குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மணித்தியாலம், முடிந்தால் ஒரு இரவு. தட்டில் கவிழ்க்க வேண்டுமானால் அச்சைச் சில விநாடி சுடுதண்ணீரில் பிடித்தால் போதும். கவிழ்த்தபின் தட்டை ஆட்டினால் அது நடுங்க வேண்டும். நடுங்காமல் நின்றால் ஜெலற்றின் கூடிவிட்டது.

கிறீம் விடயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பெயர். இங்கிலாந்தில் டபிள் கிறீம் என்பது 48 சதவீதக் கொழுப்பு. அதை வாங்குபவர்கள் கிறீமைக் குறைத்துப் பாலைக் கூட்டிக்கொள்ளுங்கள். கனடாவில் விப்பிங் கிறீம் 35 சதவீதம், எங்கள் அளவு அதற்குரியது. அவுஸ்திரேலியாவில் 'திக்கன்ட் கிறீம்' என்று விற்பதில் சிலவற்றுக்குள் ஜெலற்றினே கலந்திருக்கும். சைவக்காரர் பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்க வேண்டும். கொலஸ்ரரோல் பேசமாட்டோம் என்று வாக்குத் தந்திருக்கிறோம், எனவே ஒன்றே ஒன்று: ஒரு சின்னக் கோப்பையில் ஏறக்குறைய 20 கிராம் கொழுப்பு இருக்கிறது. இரண்டாவது கோப்பைக்குக் கை நீளும்போது நினைத்துக்கொண்டால் போதும்.

மேலே பழம் வைப்பவர்கள், அன்னாசியையும் பப்பாசியையும் பச்சையாகக் கலவைக்குள் போடாதீர்கள். அவற்றிலுள்ள நொதியங்கள் ஜெலற்றினைச் செரித்துவிடும், விடியும்வரை வைத்தாலும் இறுகாது. ஒருமுறை கொதிக்க வைத்தால் அந்த நொதியம் செத்துவிடும், ரின் அன்னாசியிலும் பிரச்சினை இல்லை.

வனிலாவைப் பற்றியும் ஒரு சொல். அது ஓர் ஓர்க்கிட் கொடியின் காய். மெக்சிக்கோவுக்கு வெளியே கொண்டுபோய் நட்ட இடங்களில் கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841இல் ரியூனியன் தீவில் எட்மொண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியாலும் பெருவிரலாலும் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையைக் கண்டான். இன்றைக்கும் கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் உட்பட எங்கும் வனிலாவுக்குக் கையால்தான் சேர்க்கை செய்கிறார்கள். காய் ஏன் அவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். காய் கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி வனிலா எசன்ஸ் போதும், ஆனால் அதை இறக்கிய பிறகு விடுங்கள்.

இனி எங்கள் வகுப்புக்கு வருவோம். நாங்கள் இங்கே மேல் வகுப்புகளில் படித்த காலம் 1990க்குப் பிறகு. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பால்மாவும் சீனியும் கிடைத்தால்தான் உண்டு. அந்த நாளிலும் மனைப்பொருளியல் ரீச்சர் செய்முறை வகுப்பை நிறுத்தவில்லை. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கட்டுக் கடற்பாசி கொண்டு வந்தார். அதைக் கப்பிப்பாலில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கரைத்து, சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டு, இறக்கிய பின் முதற்பாலை விட்டார். முதற்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பது அன்று படித்தது. தட்டில் ஊற்றி, தட்டைக் கிணற்றுத் தண்ணீர் விட்ட வாளிக்குள் மிதக்க விட்டார். மணி அடிக்க முதலே இறுகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் புடிங் இறுகிய அதிசயத்தை நாங்கள் மறக்கவில்லை.

அதிசயத்தின் காரணம் பிறகு மருத்துவ பீடத்தில் விளங்கியது. ஜெலற்றின் 30 பாகை செல்சியஸ் தாண்டினால் உருகத் தொடங்கும். கடற்பாசி, அதாவது அகர், 35 பாகை அளவிலேயே இறுகும், பிறகு 85 பாகை வரை உருகாது. பேர்லினில் ரொபேர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் கிருமிகளை ஜெலற்றினில் வளர்த்தபோது உடற்சூட்டில் வைத்தால் அது உருகி எல்லாம் பழுதானது. 1881இல் அங்கே வேலை செய்த வோல்தர் ஹெஸவின் மனைவி ஃபனி ஹெஸதான், தான் வீட்டில் ஜெலி செய்யப் பாவிக்கும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் உலகத்து ஆய்வுகூடங்களில் கிருமி வளர்வது அந்தக் குசினிச் சாமானில்தான். அந்தப் பாடத்தைப் படித்தபோது எங்களுக்கு ரீச்சரின் வாளிதான் ஞாபகம் வந்தது.

பாடசாலையை விட்டபின் நாங்கள் ஒன்பது பேர் ஒன்றாகக் கூடியது சென்ற வருட விடுமுறையில்தான். புத்தளத்திலிருந்தும் ஒருத்தி வந்தாள். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்கள் வகுப்பில் ஒரு வாங்கு வெறுமையானது. அந்த வாங்கில் இருந்தவள் அவள். பன்னா கோட்டாவை மேசையில் வைத்தபோது அவள் சிரித்தபடி, "ஜெலற்றின் எதில செய்தது?" என்று கேட்டாள். பெட்டியைப் பார்த்தோம். பன்றி. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. சைவக்காரத் தோழிகள் இருவர் ஏற்கனவே ஒரு கோப்பை முடித்திருந்தார்கள், அவர்களுக்கு அதைவிட. அவளோ குசினிக்குள் போய், தன் பையிலிருந்த கடற்பாசித் தூளை எடுத்தாள். நோன்பு காலத்தில் அவர்கள் வீட்டில் தினமும் செய்வது. 300 மில்லிலீற்றர் பாலில் ஒரு மட்டத் தேக்கரண்டி தூளைக் கலந்து மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்தாள், பிறகு தனியாக இளஞ்சூடாக்கிய 400 மில்லிலீற்றர் கிறீமை விட்டாள். கிறீமைக் குளிரக் குளிர விட்டால் அந்த இடத்திலேயே திரிதிரியாக இறுகிவிடும். ஜெலற்றினில் செய்ததுபோல வாயில் வழுக்கிப் போகாது, சற்று நறுக்கென்று இருக்கும். எங்களில் பாதிப்பேருக்கு இதுதான் கூடப் பிடித்தது.

அடுத்த நாள் ரீச்சரைப் பார்க்கப் போனோம். பாரிசவாதம் வந்து நான்கு மாதம். பேச்சுக் குழறினாலும் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். விழுங்கக் கஷ்டம், மசித்த சாப்பாடுதான் என்று மகள் சொன்னா. ரீச்சருக்கு மீன், இறைச்சி விலக்கில்லை. ஆகவே மிஞ்சியிருந்த ஜெலற்றின் பன்னா கோட்டாவில் ஒரு கோப்பை கொண்டு போயிருந்தோம். மெல்லத் தேவையில்லை, மெத்தென்று இருக்கிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். நாங்கள் நினைத்தோம் என்றால், வைத்தியர்கள் மூவரும் தாதியும் சேர்ந்துதான்.

இரண்டாவது கரண்டியில் ரீச்சர் இருமத் தொடங்கினார். முகம் சிவந்தது. இருமல் நின்றபிறகும் குரல் தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல் ஈரமாகக் கேட்டது. கோப்பையைப் பறித்தவள் எங்கள் வைத்தியர்களில் ஒருத்தியும் இல்லை. வங்கியில் வேலை செய்பவள், தன் மாமியாரை ஆறு வருடம் பார்த்தவள். "வாயில வைச்சவுடன தண்ணியாகுதெல்லோ! தண்ணிதானே அவவுக்கு ஏலாது" என்றாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. 30 பாகையில் உருகும் என்று பரீட்சைக்கு எழுதியவர்கள் நாங்கள். வாயின் சூடு 37 என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. கரண்டியில் கட்டியாக நிற்பது நாக்கில் பட்டதும் நீராகி, விழுங்கும் தசைகள் ஆயத்தமாக முதலே தொண்டைக்குள் ஓடிவிடுகிறது. ஜெலியும் ஐஸ்கிறீமும் அப்படித்தான். நீராகாரம் தடைசெய்யப்பட்ட நோயாளிக்கு இவை நீராகாரமே. சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியா வரலாம். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் உள்ளே போகும். கடற்பாசியில் செய்ததும் மாற்று ஆகாது. அது உருகாவிட்டாலும் வாயில் துண்டு துண்டாக உடையும், நின்றால் தண்ணீரும் விடும்.

ரீச்சருக்குக் காய்ச்சல் வருகிறதா என்று அடுத்த நாட்களில் காலையும் மாலையும் பார்த்தோம். வரவில்லை. இந்த மண்டபத்தில் வயதான அம்மா, அப்பாவை வைத்திருப்பவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து ஆசையாக எதையாவது ஊட்டுபவர்களும் பலர். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமினால், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கேட்டால், வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எதை, எந்தத் தடிப்பில் கொடுக்கலாம் என்று சோதித்துச் சொல்வது அவர்கள் வேலை. எங்களைப் போல ஊகிக்க வேண்டாம்.

ரீச்சரைப் பார்த்த சிகிச்சையாளர் சோளமா போட்டுத் தடிப்பாகக் காய்ச்சிய கஸ்ரட் கொடுக்கலாம் என்றார். கரண்டியில் எடுத்தால் உருவம் கலையாமல் நிற்க வேண்டும், கரண்டியைச் சரித்தால் ஒட்டிப் பிடிக்காமல் ஒரே கட்டியாக விழ வேண்டும், கட்டியோ தனியாகப் பிரிந்த தண்ணீரோ இருக்கக்கூடாது. நிமிர்ந்து இருக்க வைத்து, அரைத் தேக்கரண்டியாக, முதல் வாய் விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்தது. அதே பால், அதே கிறீம், மிஞ்சியிருந்த அரை வனிலாக் காய் எல்லாம் போட்டுக் காய்ச்சிக்கொண்டு, விடுமுறை முடிய முதல் நாள் திரும்பப் போனோம். அரை மணித்தியாலம் எடுத்து அரைக் கோப்பை சாப்பிட்டார். ஒருமுறைகூட இருமவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் செய்முறைப் பரீட்சைக்கு நிற்பதுபோல் சுற்றி நின்றோம்.

வாயைத் துடைத்துவிட்டபின் ரீச்சர் எங்களைப் பார்த்து மெல்ல மெல்லச் சொன்னார்: "சீனி... கூடிப்போச்சு."

அதனால்தான் பன்னா கோட்டாவுக்கும் 70 கிராம் என்று சொன்னோம். அதுவரை நாங்கள் போட்டது 100.