ஹேண்டில்பார் ரைசர்: எத்தனை இன்ச் போதும்?

ரைசர் வாங்குறதுக்கு முன்னாடி, பூட்ஸ் போட்டுக்கிட்டு ஸ்னோமொபைல் மேல ஏறி நில்லுங்க. மலைப்பனியில பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் ஓட்டுறாங்க. அப்போ முதுகு வளையாம, முழங்கை லேசா மடங்குற உயரம்தான் உங்க அளவு. டேப் வச்சு அளந்துக்கோங்க. உட்கார்ந்தே போறவங்களுக்கு உயரம் கூடினா தோள்தான் வலிக்கும்.

என்னைக் கேட்டா, 2 இன்ச்ல ஆரம்பிக்கலாம். அதுக்கு மேல போனா பிரேக் ஹோஸ், த்ராட்டில் கேபிள், கிரிப் ஹீட்டர் வயர் எல்லாம் எட்டுதான்னு பார்க்கணும். எஞ்சினை அணைச்சுட்டு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க. கேபிள் இழுபட்டா, திருப்பத்துல த்ராட்டில் தானாத் திறந்துக்கும். மரங்களுக்கு நடுவுல அப்படி ஆனா? நினைச்சாலே எனக்குப் பயம்.

கிளாம்ப் அளவும் பாருங்க: 22 மில்லிமீட்டர் பாரை 28.6 ரைசர் பிடிக்காது. முதல் ஓட்டம் முடிஞ்சதும் போல்ட் இறுக்கமா இருக்கான்னு மறுபடி பார்த்துடுங்க.