புதிய ஆசிரியரும் ஆறு நிமிடப் பாடமும்

(தென்காசி வட்டாரத்து ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், முதன்முறையாக அருவிக்கு வரும் குழந்தையை எவரும் நேரே பேரருவியின் கீழே கொண்டுபோய் நிறுத்துவதில்லை. சிற்றருவியிலோ புலியருவியிலோ, தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய பின்னரே பெரிய அருவிக்கு அழைத்துச் செல்கிறோம். பிள்ளைகளின் பொருட்டு இவ்வளவு எச்சரிக்கை கொள்ளும் நாம், அவர்களுக்குக் கற்பிக்க வரும் புதிய ஆசிரியரின் பொருட்டு இவ்வாறு எண்ணியதுண்டா?

பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் பெற்ற ஓர் இளைஞர் நம் ஊர்ப் பள்ளிக்கு வருகிறார். முதல் நாளே முப்பது நாற்பது பிள்ளைகள் முன் நிற்கிறார். குரல் நடுங்குகிறது, கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் சலசலப்பு எழுகிறது. அவர் தம் தொழிலைக் கற்றுத் தேர்வதற்குள் ஓர் ஆண்டு கழிந்துவிடுகிறது. கார் பருவம் பொய்த்தால் பிசானத்தில் ஈடு செய்துகொள்ளலாம். மூன்றாம் வகுப்பில் வாசிக்கக் கற்காத பிள்ளைக்கு இழந்த ஆண்டை யார் ஈடு செய்வது? ஏடறியாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. ஆகவே இது ஆசிரியரின் கவலை மட்டுமன்று; ஊரின் கவலையுமாகும்.

இக்குறையைக் குறைப்பதற்கென்றே ஒரு முறை வகுக்கப்பட்டது. அதற்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பாரும் அவருடைய தோழர்களும் இதனை உருவாக்கினர். நம் நாட்டில் 1967இல் அலகாபாத்தில் திவாரி என்பவர் இதனைக் கையாண்டார். பின்னர் 1970களில் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு மையமும், தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவும் நம் கல்லூரிகளுக்கு ஏற்ப இதனைச் செம்மைப்படுத்தின. இன்று தமிழ்நாட்டின் ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தில் இது இடம்பெற்றிருக்கிறது.

முறை மிக எளிது. ஐந்து முதல் பத்துப் பேர் மட்டும் உள்ள சிறு வகுப்பு. ஒரே ஒரு கருத்து. ஒரே ஒரு திறன். பாடத்தைத் தொடங்கும் திறன், விளக்கும் திறன், வினாக் கேட்கும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன், விடை கூறும் பிள்ளையை ஊக்கும் திறன் என்று ஆசிரியர் தொழில் பகுக்கப்படுகிறது. ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். அடுத்த ஆறு நிமிடத்தில் உடனிருந்து பார்த்தவர் குறைநிறைகளை எடுத்துரைப்பார். பன்னிரண்டு நிமிடத்தில் பாடத்தைத் திருத்தி அமைத்து, ஆறு நிமிடம் மீண்டும் நடத்தி, இன்னும் ஆறு நிமிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஆக 36 நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது. ஸ்டான்போர்டில் பாடத்தைப் படக்கருவியில் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். நம் நாட்டில் அக்கருவியின்றியே, பார்ப்பவரின் குறிப்பைக் கொண்டு இம்முறை நடைபெற்று வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பயிற்சி பெறும் ஆசிரியை ஒருவர் சாரல் மழையைப் பற்றிப் பாடம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிடுகிறது என்றும், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று நமக்குச் சாரலாகிறது என்றும் அவரே முழுவதும் சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது டீச்சர்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூறுகின்றனர். எவருக்குப் புரிந்தது என்பது எவருக்கும் தெரியாது. உடனிருந்தவர் அதனைச் சுட்டிக்காட்டுகிறார். மறுமுறை அவ்வாசிரியை, "செங்கோட்டையில் தூறும் அதே நாளில் ஆலங்குளத்தில் ஏன் வெயில் காய்கிறது? காற்று எத்திசையிலிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறார். ஒரு சிறுமி, "மேற்கேயிருந்து" என்கிறாள். "வரும் வழியில் என்ன இருக்கிறது?" "மலை இருக்கிறது." இப்போது பாடம் பிள்ளைகளின் வாயிலிருந்தே பிறக்கிறது.

அந்தப் பொறுமையும் கற்கவேண்டிய ஒரு திறனே. ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியே காத்திருக்கின்றனர் என்றும், மூன்று வினாடி காத்தால் விடைகள் நீண்டு வருகின்றன என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எடுத்துக்காட்டினார். கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த இரண்டு வினாடி எவ்வளவு பெரிய உதவி!

"எங்கள் பிள்ளைகள் என்ன, பழகுவதற்கான பலகையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் பழகாத ஆசிரியர் நேரே வகுப்பில் நிற்கும்போது, அவ்வகுப்பு முழுவதும் ஆண்டு முழுவதும் பழகு பலகையாகவே இருக்கிறது. திருத்துவாரும் அருகில் இல்லை. இம்முறையிலோ சில பிள்ளைகள், சில நிமிடங்கள், பிழையை உடனே திருத்தும் ஒருவர். புதிய காளையை அனுபவமுள்ள மாட்டுடன் இணைத்து ஏரில் பழக்குவது நீங்கள் அறியாததா?

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. கல்லூரிகளில் உடன்பயில்வோரே மாணவராக நடித்து அமர்வது வழக்கம். நடிப்பவருக்குப் பசியும் இல்லை, அச்சமும் இல்லை. பதிவேட்டை நிரப்பிக் கையொப்பம் வாங்குவதோடு பயிற்சி முடிந்துவிடுவதும் உண்டு. மேலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது வரை பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. இருவர் ஐந்து வகுப்பை நடத்தும் வித்தையை ஆறு நிமிடப் பாடம் கற்பித்துவிடாது. நாற்றங்கால் நன்றாயிருப்பதனாலேயே அறுவடை முடிந்துவிட்டதாகாது. ஆனால் நாற்றங்கால் இன்றி நடவும் இல்லை.

இனி ஊரார் செய்யக்கூடியது என்ன? அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும், மீதியில் இடத்தை உள்ளாட்சி உறுப்பினருக்கும் அளித்திருக்கிறது. பயிற்சி மாணவர்கள் உங்கள் பள்ளிக்கு வரும்போது, முதல் சில நாட்கள் ஐந்தாறு பிள்ளைகள் கொண்ட சிறு குழுவுக்கே பாடம் நடத்தட்டும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அப்பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னரே தெரிவியுங்கள். ஒரு தாழ்வாரம், ஒரு பலகை, ஒரு கடிகாரம் போதும். புதிதாக வேலையேற்ற ஆசிரியரின் பாடத்தை மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை உடனிருந்து பார்க்கவும் இடம் செய்யுங்கள். அது உதவியாக இருக்க வேண்டுமேயன்றி வேவு பார்ப்பதாக இருத்தல் கூடாது. அங்கே எழுதும் குறிப்பு அவ்விருவருக்கு மட்டுமே உரியது. அதனைக் கிராம சபையில் எடுத்துவைத்து ஆசிரியரை நாணச் செய்வோமானால், பிறகு எவரும் தம் பிழையை வெளியே காட்டத் துணியமாட்டார்.

விதைக்குமுன் நூறு மணிகளை எண்ணி, ஈரச் சாக்கில் வைத்து முளைப்பைப் பார்ப்பது நம் உழவர் வழக்கம். பிழைகளைச் சிறிய இடத்தில் கண்டு திருத்தும் அந்த அறிவைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு செல்வோமாக. சிற்றருவியில் கால் ஊன்றி நின்றவரே பேரருவியிலும் நிலைத்து நிற்பார்.