கெடுவும் குறையும்

கடைசி அத்தியாயம் இல்லாத நாவலை முழு விலை கொடுத்து வாங்க எவரும் உடன்படமாட்டார். ஆனால் பெரும் பொருட்செலவில் உருவாகும் வீடியோ விளையாட்டுகளில் இத்தகைய வாணிகம் அவ்வப்போது நிகழ்ந்துதான் வருகிறது.

இவ்விளையாட்டுகளை ஆக்குவோர் ஒருவர். பணம் தந்து வெளியிடுவோர் பெரும்பாலும் வேறொருவர். வேலை இன்ன கட்டத்தை எட்டினால் இன்ன தொகை என்பது இவர்களிடையே வழக்கமான உடன்படிக்கை. ஆகவே, வெளியீட்டு நாளைக் குறிக்கும் அதிகாரம் பணம் தருவோரிடமே தங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன் சரக்கு கடைக்கு வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பெங்களூரிலும் புனேயிலும் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் நேயர்களுக்குக் கெடுவின் நெருக்கடியை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஓர் உதாரணத்தைக் காண்போம். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு தோன்றிய அப்சிடியன் என்னும் நிறுவனம், 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஆக்கும் பொறுப்பை ஏற்றது. வெளியிட்டவர் லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தார். 2004 டிசம்பரிலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. கதையையும் உரையாடலையும் பலர் புகழ்ந்தனர். எனினும் முடிவை நெருங்க நெருங்கக் கதை தடுமாறியது. உடன்வந்த தோழர் சிலரின் கதி என்னவாயிற்று என்பது தெளிவாகவில்லை. இயந்திர மனிதர் வாழும் கோள் ஒன்று முழுமையாகவே நீக்கப்பட்டிருந்தது.

விந்தை யாதெனில், நீக்கப்பட்டவற்றுள் பல, நடிகர்கள் பேசிப் பதிந்த குரல்கள் உட்பட, விற்கப்பட்ட வட்டிலேயே மறைந்து கிடந்தன. ஆர்வலர் சிலர் ஊதியம் கருதாது ஆண்டுக்கணக்கில் உழைத்து, அவற்றைத் தேடிக் கோத்து, இலவசமாக வழங்கினர். 2022-இல் இவ்விளையாட்டை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குக் கொணர்ந்த ஆஸ்பைர் நிறுவனம், அம்மீட்புப் பகுதியையும் பின்னர் தருவதாக அறிவித்தது, 2023-இல் கைவிரித்துவிட்டது.

முதலிட்டவர் கெடு விதிப்பது குற்றமன்று. கெடுவே இல்லாத வேலை முடிவதும் அரிது. தம்மால் இயன்றதற்கு மேல் திட்டமிடும் பொறுப்பு ஆக்குவோருக்கும் உண்டு. ஆனால், காலம் குறுகியதெனில் திட்டமும் தொடக்கத்திலேயே குறுகவேண்டும். இறுதியில் கத்தரித்துவிட்டு, முழுமையானதென்று விற்பது நேர்மையாகாது.

வாங்குவோர் கையிலும் ஒரு வலிமை இருக்கிறது. விளம்பரத்தைக் கண்டு முன்பணம் கட்டாமல், வெளிவந்தபின் விசாரித்து வாங்குவோமாயின், நாள் குறிப்போர் சற்றே நிதானிப்பர்.